ஏல் காய்ச்சிய பெண்கள் தொழிலை இழந்தது எப்படி?

கேள்வி இதுதான்: "மத்தியகால ஐரோப்பாவில் பியர் காய்ச்சியது பெண்கள்தான். பிறகு அவர்களுக்குச் சூனியக்காரிகள் என்று பட்டம் கட்டி, ஆண்கள் தொழிலைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?"

முதல் பாதி பெருமளவு உண்மை. இரண்டாம் பாதிக்கு ஆதாரம் இல்லை. பெண்கள் கையிலிருந்து அந்தத் தொழில் போனது நிஜம்தான், ஆனால் போன வழி வேறு. அதில் தீயும் தூக்குமேடையும் கிடையாது. கடன், அண்டா, பீப்பாய், திருமணச் சட்டம், ஹாப்ஸ் என்ற ஒரு கொடியின் பூ, இவைதான் உண்டு. கதை நடந்த இடங்களில் இங்கிலாந்துக்குத்தான் ஆவணங்கள் நிறையக் கிடைக்கின்றன. அதனால் அங்கேயே நின்று பதில் சொல்கிறேன்.

சூனியக்காரிக் கதையை முதலில் முடித்துவிடலாம். கூம்புத் தொப்பி, துடைப்பம், கொப்பரை, பூனை ஆகிய நான்கும் ஏல் என்ற அந்தக் காலத்துப் பியரை விற்ற பெண்களின் அடையாளங்களாக இருந்தன, அவற்றையே பின்னால் சூனியக்காரிக்கு மாட்டிவிட்டார்கள் என்பது அந்தக் கதை. காலக்கணக்கே இதற்கு ஒத்துவரவில்லை. இங்கிலாந்தில் சூனியத்துக்கு எதிரான முதல் சட்டம் வந்தது 1542இல். வழக்குகள் பெருகியது 16ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலும் 17ஆம் நூற்றாண்டிலும். அதற்குள் பெரிய நகரங்களில் காய்ச்சும் தொழில் ஏறக்குறைய ஆண்கள் கைக்குப் போயாகிவிட்டது. உயரமான தொப்பி 17ஆம் நூற்றாண்டில் ஆணும் பெண்ணும் சாதாரணமாக அணிந்தது. மத்தியகால ஏல்காரி தலையில் கட்டியது வெறும் லினன் துணி. துடைப்பத்தில் பறக்கும் பெண்களின் படம் 1451ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதி ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. திருச்சபை மதத்துரோகிகள் என்று துரத்திய ஒரு பிரிவினரை இழிவுபடுத்த வரைந்த படம் அது. மது காய்ச்சுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொப்பரையும் பூனையும் தானியம் இருந்த பெரும்பாலான வீடுகளில் இருந்தன. இந்தக் கதை பரவுவதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. நடந்த அநியாயத்தை இது மறைத்துவிடுகிறது.

இனி நடந்ததைப் பார்ப்போம்.

13, 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மக்கள் குடித்தது ஏல். இன்றைய பியரில் இருக்கும் ஹாப்ஸ் அதில் கிடையாது. பார்லி, தண்ணீர், ஈஸ்ட், அவ்வளவுதான். சில பகுதிகளில் ஓட்ஸும் கோதுமையும் சேர்ந்தன. தண்ணீர் கெட்டிருந்ததால்தான் எல்லோரும் ஏல் குடித்தார்கள் என்ற பேச்சும் மிகைதான். 13ஆம் நூற்றாண்டிலேயே குழாய் பதித்து ஊற்றுநீரை ஊருக்குள் கொண்டுவந்த நகரம் லண்டன். ஏல் அவர்களுக்கு உணவு. ரொட்டி, கூழ், ஏல் மூன்றும் ஒரே தானியக் குதிரிலிருந்து வந்தன. குதிரின் பொறுப்பு வீட்டுப் பெண்ணிடம் இருந்தது.

வேலை லேசானதல்ல. பார்லியை நாள்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, தரையில் பரப்பி முளைவிடச் செய்ய வேண்டும். ஒரே பக்கம் சூடேறிப் பூஞ்சை பிடிக்காமல் அடிக்கடி புரட்டிப் போட வேண்டும். முளை சரியான அளவுக்கு வந்ததும் மிதமான சூட்டில் உலர்த்தி வளர்ச்சியை நிறுத்த வேண்டும். மால்ட் என்ற இந்த முளைகட்டி உலர்த்திய தானியம் தயாராகவே கிட்டத்தட்ட இரண்டு வாரம் பிடிக்கும். பிறகு அதைத் திரித்து, வெந்நீரில் ஊறவிட்டு, இறங்கும் இனிப்புச் சாற்றை வடித்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்க வேண்டும். தயிருக்கு உறை ஊற்ற முந்தின நாள் தயிரில் கொஞ்சம் எடுத்து வைப்பதுபோல், போன தடவை பொங்கிய நுரையில் ஒரு பங்கை எடுத்து வைத்திருப்பார்கள். அதே மால்ட்டில் இரண்டாம் முறை வெந்நீர் ஊற்றினால் நீர்த்த ஏல் கிடைக்கும். அது பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும். மிஞ்சிய சக்கை பன்றிக்கு.

இந்த வேலையில் உயிர் போன ஒரு பெண்ணின் பெயர் நமக்குத் தெரியும். 1270ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, பெட்ஃபோர்ட்ஷயரில் ஈட்டன் சோக்கனைச் சேர்ந்த ஸ்டேப்லோ என்ற குக்கிராமம். ஜூலியானா டி போஷாம்ப் சீமாட்டியின் காய்ச்சும் கொட்டகையில் ஏமிஸ் பெலமி, சிபில் பான்ஷெவலர் என்ற இரண்டு பெண்கள் மால்ட் கலவை நிறைந்த தொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனார்கள். கொதித்துக்கொண்டிருந்த ஈய அண்டாவில் அதைக் கொட்ட வேண்டும். ஏமிஸ் கால் வழுக்கி அண்டாவுக்குள் விழுந்தாள். தொட்டி அவள்மேல் கவிழ்ந்தது. சிபில் பாய்ந்துபோய் அவளை வெளியே இழுத்துப்போட்டுக் கூச்சலிட்டாள். வீட்டார் ஓடிவந்தார்கள், பாதிரியாரும் வந்து சடங்குகளைச் செய்தார். மறுநாள் காலை ஏமிஸ் இறந்தாள். திடீர் மரணங்களை விசாரித்த அதிகாரியின் பதிவேட்டில் இது சில வரிகளில் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெண்களின் உழைப்பைப் பற்றி அந்தச் சில வரிகள் சொல்கிற அளவுக்கு வேறு எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

சொந்த வீட்டுக்குக் காய்ச்சினது சரி, விற்பனை எப்படி வந்தது? ஏல் சில நாளில் புளித்துவிடும். அடுப்பு மூட்டிச் செலவு செய்து காய்ச்சினால் ஒரு குடும்பம் குடித்துத் தீர்க்க முடியாத அளவு கிடைக்கும். மிச்சத்தை அக்கம்பக்கத்தில் விற்றுவிட்டு, தன் வீட்டில் தீர்ந்ததும் பக்கத்து வீட்டில் வாங்குவார்கள். இந்த வாரம் இவள், அடுத்த வாரம் அவள். இன்று ஏல் தயார் என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கழியை நீட்டி, நுனியில் இலைக்கொத்தையோ புதரையோ கட்டித் தொங்கவிடுவார்கள். உடனே ஊர் நியமித்த சுவைஞர் வந்து சுவைத்துப் பார்ப்பார். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் விற்கலாம்.

விலையும் அவள் இஷ்டத்துக்கு இல்லை. மூன்றாம் ஹென்றி காலத்தில், 1266–67 வாக்கில் வந்ததாகக் கருதப்படும் ரொட்டி–ஏல் விலைச் சட்டம், தானிய விலையோடு ஏல் விலையைக் கட்டிப்போட்டது. ஒரு குவார்ட்டர் (அன்றைய தானிய அளவு) பார்லி 20 பென்னி முதல் 2 ஷில்லிங் (24 பென்னி) வரை விற்கும்போது, நகரத்தில் ஒரு பென்னிக்கு 2 காலன், நகரத்துக்கு வெளியே 3 அல்லது 4 காலன் கொடுக்க வேண்டும். அளவுப் பாத்திரத்தில் முத்திரை இருக்க வேண்டும். தவறினால் அபராதம். திரும்பத் திரும்பத் தவறினால் ஊரார் முன்னிலையில் நாற்காலியில் உட்காரவைத்து அவமானப்படுத்துவார்கள். இந்தத் தண்டனை சட்டத்துக்கும் பழையது. 1086ஆம் ஆண்டு டோம்ஸ்டே கணக்கெடுப்பில் செஸ்டர் நகர வழக்கம் பதிவாகியிருக்கிறது: மோசமான ஏல் காய்ச்சியவர் சாண நாற்காலியில் உட்கார வேண்டும், அல்லது 4 ஷில்லிங் கட்ட வேண்டும்.

நாளடைவில் இந்த அபராதம் ஒரு மாதிரி உரிமக் கட்டணமாகிவிட்டது. தப்பு செய்தாலும் செய்யாவிட்டாலும் காய்ச்சினவர்கள் பெயரைப் பண்ணையார் நீதிமன்றத்தில் வாசிப்பார்கள். சில பென்னிகள் கட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். பண்ணையாருக்கு அது வருமானம். நமக்கு அது புதையல். எழுதப் படிக்கத் தெரியாத, வேறு எந்த ஏட்டிலும் இடம்பெறாத ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களின் பெயர்கள் அந்த அபராதப் பட்டியல்களில்தான் பிழைத்திருக்கின்றன. நார்த்தாம்ப்டன்ஷயரின் பிரிக்ஸ்டாக் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1348க்கு முந்தைய சுமார் 60 ஆண்டுகளில் அங்கே 300க்கும் மேற்பட்ட பெண்கள் விற்பனைக்கு ஏல் காய்ச்சியிருக்கிறார்கள். பெரும்பாலோர் எப்போதாவது காய்ச்சியவர்கள். 38 பெண்கள் மட்டும் வருடக்கணக்கில் விடாமல் காய்ச்சினார்கள். அந்த ஊர் எழுத்தர் பெண்ணின் பெயரையே எழுதினார். வேறு பல ஊர்களில், காய்ச்சினது மனைவியாக இருந்தாலும் அபராதம் கட்டும் கணவன் பெயரைத்தான் எழுதினார்கள். ஏட்டில் ஆண் பெயர் இருப்பதை வைத்து ஆண் காய்ச்சினான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இதைப் பெண்களின் பொற்காலம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நூல் நூற்பது, துணி துவைப்பது, வீட்டு வேலை ஆகியவற்றோடு ஒப்பிட்டால் ஏல் நல்ல வருமானம்தான். மூலதனம் அதிகம் வேண்டாம். அடுப்பும் அண்டாவும் வீட்டிலேயே இருக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். ஆனால் விலையைச் சட்டம் கட்டிவைத்திருந்தது, ஏல் சீக்கிரம் கெட்டது, தூரத்துக்கு அனுப்ப முடியாது. கிடைத்த லாபம் சில்லறை. ஆண்கள் அதில் இறங்காததற்கு முக்கியக் காரணம் அந்தச் சில்லறை லாபமே.

பெரிய அளவில் செய்ய நினைத்த ஒருத்தியின் அனுபவம் அவள் வாய்மொழியாகவே கிடைக்கிறது. நார்ஃபோக்கின் லின் துறைமுக நகரத்து மார்ஜரி கெம்ப், 1373 வாக்கில் பிறந்தவள். அவள் தந்தை ஜான் பர்னம் அந்த நகரத்துக்கு ஐந்து முறை மேயராக இருந்தவர். 1430களில் அவள் சொல்ல மற்றவர்கள் எழுதிய நூல், ஆங்கிலத்தின் முதல் தன்வரலாறு என்று பலராலும் கருதப்படுகிறது. அதன் கையெழுத்துப் பிரதி 1934இல்தான் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. மூன்று நான்கு ஆண்டுகள் ஊரிலேயே பெரிய ஏல் காய்ச்சுபவர்களில் ஒருத்தியாகத் தான் இருந்ததாகவும், பிறகு நிறையப் பணத்தை இழந்ததாகவும் அதில் சொல்கிறாள். வேலை தெரிந்த நல்ல ஆட்கள் அவளிடம் இருந்தார்கள். ஏல் அழகாக நுரை கட்டி நிற்கும். திடீரென்று நுரை அமுங்கிவிடும், அந்தத் தடவை காய்ச்சியது முழுவதும் வீணாகும். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. வெட்கப்பட்டு ஆட்கள் அவளைவிட்டுப் போனார்கள். தன் கர்வத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று அவள் நினைத்தாள். இன்று படிக்கும் நமக்கு வேறொன்று தெரிகிறது: ஈஸ்ட் என்பது உயிருள்ள பொருள் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. பாத்திரத்தில் கிருமி குடியேறிவிட்டால் அடுத்தடுத்துக் காய்ச்சுவதும் கெடும். வீட்டுக்காக எப்போதாவது காய்ச்சுபவளுக்கு அது ஒரு வார நஷ்டம். முதல் போட்டு ஆள் வைத்து விடாமல் காய்ச்சியவளுக்கு அது திவால்.

1348–49 கொள்ளைநோயில் நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் செத்தார்கள். பிழைத்தவர்களுக்குக் கூலி உயர்ந்தது. கையில் காசு புழங்கியதும் ஏல் அதிகம் குடித்தார்கள், அதுவும் தினமும், கடையில் உட்கார்ந்து. எப்போதாவது காய்ச்சும் அக்கம்பக்கத்துப் பெண்களால் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. காய்ச்சுபவர்களின் எண்ணிக்கை குறைந்தது, காய்ச்சும் அளவு கூடியது. பெருந்தொழிலாக ஆக ஆக, கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் கடைகள் முன்னுக்கு வந்தன. கணவனைச் சாராமல் தனியாகக் காய்ச்சிய கன்னிப்பெண்களும் விதவைகளும்தான் முதலில் விலகிப்போனார்கள்.

லண்டன் காய்ச்சுபவர் சங்கத்தில் இது தெளிவாகத் தெரியும். 1418 முதல் வில்லியம் போர்லண்ட் என்ற எழுத்தர் அதன் கணக்குகளை எழுதினார். உறுப்பினர்களுக்கு லத்தீனும் பிரெஞ்சும் புரியவில்லை, ஆங்கிலம் புரிகிறது என்பதால் 1422 வாக்கில் சங்கம் ஆங்கிலத்துக்கு மாறியது. அந்த ஆண்டுகளில் உறுப்பினர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். அன்றைய மற்றப் பெரும்பாலான வணிக, கைவினைச் சங்கங்களில் நினைத்துப்பார்க்க முடியாத விகிதம் அது. அவர்கள் சந்தா கட்டினார்கள், விருந்துக்கு வந்தார்கள், சங்கத்துச் சீருடையும் அணியலாம். பொறுப்பில் மட்டும் உட்கார முடியாது. நகர அதிகாரிகளிடம் விலை பேசுவது, வழக்காடுவது, மன்னரிடம் உரிமைச் சாசனம் கேட்பது எல்லாம் ஆண்கள் வேலை. சாசனம் 1438இல் கிடைத்தது. வீட்டில் மனைவி காய்ச்சினாலும் சங்கத்தில் போய் நின்று பேசியவன் கணவன். இரண்டு மூன்று தலைமுறைக்குள் தொழிலே அவனுடையதாக ஆகிவிட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சங்கத்தில் மிஞ்சிய பெண்கள் பெரும்பாலும் செத்துப்போன உறுப்பினர்களின் விதவைகள்.

அடுத்தது ஹாப்ஸ். அதன் கசப்பு பானம் கெடாமல் காக்கும் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியத் துறவி ஹில்டெகார்ட் எழுதிவைத்திருக்கிறார். அவரும் பெண் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹாப்ஸ் போட்ட பியர் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்துப் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. பின்பு அங்கிருந்து குடியேறியவர்களே இங்கிலாந்தில் காய்ச்சவும் தொடங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் எதிர்த்தார்கள். நாரிச் நகரம் 1471இல் ஹாப்ஸையே தடை செய்தது. லண்டனிலோ 1436இலேயே பியர்காரர்களைக் காப்பாற்றச் சொல்லி மன்னர் ஆணை வந்துவிட்டது. 1493இல் அவர்களுக்குத் தனிச் சங்கமும் அமைந்தது. அதில் பெண்கள் தொடக்கத்திலிருந்தே அரிது.

பியர் ஏன் ஜெயித்தது என்பதற்கு ஒரு கணக்கு போதும். ஹாப்ஸ் சாகுபடி பற்றி ரெஜினால்ட் ஸ்காட் 1574இல் வெளியிட்ட நூல் சொல்வது இது: ஒரு புஷல் (இதுவும் தானிய அளவு) மால்ட்டில் சுமாரான ஏல் 8 அல்லது 9 காலன் வரும். அதே மால்ட்டில் நல்ல பியர் 18 முதல் 20 காலன் வரும். அது மாதக்கணக்கில் கெடாது. கப்பலில் ஏற்றலாம், படைக்கு அனுப்பலாம். எட்டாம் ஹென்றி 1512–13இல் தன் கடற்படைக்காகப் போர்ட்ஸ்மத்தில் காய்ச்சும் ஆலைகளையே கட்டவைத்தார்.

ஆனால் பியர் காய்ச்ச ஹாப்ஸோடு சேர்த்து நீண்ட நேரம் கொதிக்கவைக்க வேண்டும். பெரிய செம்பு அண்டா, நிறைய விறகு, பல வாரம் சும்மா நிற்கும் பீப்பாய்கள், வண்டி, கூலியாட்கள் எல்லாம் தேவை. போட்ட பணம் திரும்ப மாதங்கள் ஆகும். அதுவரை யாராவது கடன் கொடுத்தால்தான் தொழில் நடக்கும். பெண்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி மணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, கடன் பத்திரம் எழுத முடியாது, வராத பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. லண்டனில் மனைவி தனி வணிகராகத் தொழில் செய்ய நகர வழக்கம் இடம் கொடுத்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. விதவைக்குச் சட்டத்தில் தடை இல்லை, ஆனால் முதலும் ஆள்பலமும் பெரும்பாலும் இல்லை. படைக்கு ஆயிரக்கணக்கான காலன் பியர் சப்ளை செய்யும் ஒப்பந்தம் அவளைத் தேடி வரப்போவதும் இல்லை. பெண்களைத் துரத்த வேண்டும் என்று யாரும் கூடிப் பேசித் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை. லாபம் வந்த இடத்துக்குப் போக எவையெல்லாம் வேண்டுமோ அவை எல்லாவற்றிலும் பெண்களுக்குக் கதவு ஏற்கெனவே மூடியிருந்தது.

இதோடு கேலியும் சேர்ந்தது. ஏமாற்றும் விற்பனையாளர் ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. ஓவியத்திலும் நாடகத்திலும் நரகத்துக்குப் போனது அநேகமாக ஏல்காரிதான். லட்லோவின் செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தில், பாடகர் இருக்கையின் அடியில் 15ஆம் நூற்றாண்டு மரச்சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒரு பேய் ஏல்காரியை நிர்வாணமாகத் தோளில் போட்டு நரக வாய்க்குத் தூக்கிப்போகிறது. அவள் கையில் அளவு குறைந்த குவளை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர் ஜான் ஸ்கெல்டன், எலினர் ரம்மிங் என்ற ஏல்காரியைப் பற்றி ஒரு நீண்ட பாட்டு எழுதினார். அதில் அவளுடைய ஏல் தொட்டிக்கு மேலே கோழிகள் அடைந்து எச்சமிடும், அவள் அதையும் கலக்கி விற்பாள். பாட்டு நடக்கும் இடம் சரே மாவட்டத்து லெதர்ஹெட். 1525ஆம் ஆண்டு அதே ஊர் நீதிமன்ற ஏட்டில் அலியனோரா ரோமிங் என்ற ஏல்காரிக்கு, அளவைக் குறைத்து விலையைக் கூட்டி விற்றதாக 2 பென்னி அபராதம் பதிவாகியிருக்கிறது. ஊரில் பலரும் வழக்கமாகக் கட்டிய வகை அபராதம் அது. கோழி எச்சம் கவிஞரின் கைச்சரக்கு. நிஜப் பெண் ஒருத்தியின் பெயரை ஐந்நூறு ஆண்டுகளாக அசிங்கத்தோடு ஒட்டிவைத்திருப்பது அந்தப் பாட்டுதான்.

நகராட்சிகள் கேலியோடு நிற்கவில்லை. 1540இல் செஸ்டர் நகரம் 14 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட எந்தப் பெண்ணும் ஏல் கடை நடத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது. இளம்பெண்கள் கடையில் நின்றால் ஒழுக்கம் கெடும் என்பது சொன்ன காரணம். எல்லா ஊர்களும் இவ்வளவு தூரம் போகவில்லை. வடக்கிலும் மேற்கிலும் கிராமங்களில் பெண்கள் இன்னும் வெகுகாலம் ஏல் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தார்கள். ஹாப்ஸ் அங்கே மெதுவாகத்தான் போய்ச்சேர்ந்தது.

நகரங்களில் பெண்களுக்கு மிஞ்சியது சில்லறை விற்பனை. ஆண் காய்ச்சிய பியரை மொத்தமாக வாங்கி, குடத்தில் சுமந்தோ சின்னக் கடை வைத்தோ குவளைக் கணக்கில் விற்றார்கள். 1552இல் வந்த சட்டப்படி மதுக்கடை நடத்த நீதிபதிகளிடம் உரிமம் வாங்கி, ஒழுங்காக நடத்துவதாக ஜாமீனும் கொடுக்க வேண்டும். ஏழை விதவைகளுக்கு அந்த உரிமத்தை அதிகாரிகள் பல ஊர்களில் தாராளமாகக் கொடுத்தார்கள். அவள் பிழைப்புக்கு அது வழி, ஊர் ஏழை நிதிக்கும் செலவு மிச்சம். அவள் விற்ற பியரின் லாபத்தில் பெரும்பங்கு காய்ச்சும் ஆலைக்காரனுக்குப் போனது.